ஈச்சமரத்து ஊரும் காற்றில் ஆடிய கூடுகளும்

மாடு கட்டி நீர் இறைத்த பழைய கமலைக் கிணறு ஒன்றின் மேல் சாய்ந்து வளர்ந்த ஈச்சமரத்தில் தூக்கணாங்குருவிகளின் ஊர் இருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் மரம் காய்த்துக் குலுங்குவது போல் தெரியும். ஓலை நுனி ஒவ்வொன்றிலும் ஒரு கூடு. சில நுனிகளில் ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு. வைக்கோல் நிறத்துக்கு வெளுத்த பழைய கூடுகள், பச்சை மாறாத புதுக் கூடுகள், பாதியில் நின்றுபோன கூடுகள். கிணற்றுத் தண்ணீரில் அத்தனையும் தலைகீழாகத் தெரியும்போது ஊர் இன்னும் பெரிதாகிவிடும்.

அந்த ஊருக்குப் பெரியவர் சங்கிலி. விடிந்ததும் அவர் செய்கிற முதல் வேலை மரத்தைச் சுற்றிப் பறந்து கூடுகளை எண்ணுவதுதான். எண்ணி முடித்ததும் உச்சி மட்டையில் உட்கார்ந்து, மஞ்சள் தலையைச் சிலிர்த்துக்கொண்டு, நம் ஊர் மாதிரி நிறைந்த ஊர் இந்த வட்டாரத்திலேயே கிடையாது என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வார். சொல்லாவிட்டால் அவருக்கு அன்றைக்கு இரை இறங்காது.

தூக்கணாங்குருவிகளில் கூடு பின்னுவது ஆண்கள் வேலை. ஓலையைக் கிழித்து, முடிச்சுப் போட்டு, சிரட்டையைக் கவிழ்த்த மாதிரி பாதிக் கூட்டை முடித்ததும் அதில் தலைகீழாகத் தொங்கிச் சிறகடித்துப் பெண்களை அழைப்பார்கள். பெண் வந்து உள்ளே நுழைந்து பார்ப்பாள். நாரை இழுத்துப் பார்ப்பாள். முடிச்சைக் கொத்திப் பார்ப்பாள். பிடித்தால் தங்குவாள். அதன் பிறகுதான் உள்ளே களிமண் பூசி, வாசலைக் குழல் மாதிரி நீட்டிக் கூட்டை முடிப்பது. பிடிக்காவிட்டால் வாலை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு அடுத்த கூட்டைப் பார்க்கப் போய்விடுவாள். மற்ற ஊர்களில் அப்படித் தள்ளிய கூட்டை அவிழ்த்துப் போட்டுவிட்டு, அதே நுனியில் புதிதாகப் பின்னுவார்கள். ஈச்சமரத்து ஊரில் மட்டும் அது கூடாது. ஒருமுறை தொங்கவிட்ட கூட்டை யாரும் அவிழ்க்கக் கூடாது, கட்டியவரின் குடும்பத்தைத் தவிர வேறு யாரும் அதில் தங்கவும் கூடாது என்பது சங்கிலியின் சட்டம். பெண்கள் வாலை ஆட்டிவிட்டுப் போன கூடுகள் சங்கிலிக்குத்தான் ரொம்ப அதிகம், அதனால்தான் இந்தச் சட்டமே வந்தது என்று சிலர் அலகுக்குள் சிரித்துக்கொள்வதுண்டு.

இந்தச் சட்டத்தால் ஒரு காரியம் நடந்தது. வயதுக்கு வந்த பையன்களுக்கு, முதலில் பின்னிய கூட்டைப் பெண்கள் தள்ளிவிட்டால், இன்னொன்று தொங்கவிட நுனி கிடைக்கவில்லை. எந்த நுனியைப் பிடித்தாலும் அது யாரோ ஒரு தாத்தாவின் கூடு இருந்த நுனி. புதுக் கூடு இல்லாதவனைப் பெண் திரும்பிப் பார்ப்பாளா? ஒருவர் பின் ஒருவராக அவர்கள் அணைக்கட்டுக்குக் கீழே புறப்பட்டுப் போனார்கள். அங்கே வாய்க்கால் ஓரமெல்லாம் கருவேல மரம், கிழிக்கக் கிழிக்கக் கரும்புத் தோகை, கண்ணுக்கு எட்டுகிற வரை நெல். பையன்கள் போனதும் பெண்களும் போனார்கள். கம்பு பால் பிடிக்கும் சமயத்தில் ஊர்ப்பக்கம் வருவார்கள். பெற்றவர்களோடு அரட்டையடித்துவிட்டு, ஊர் அப்படியே இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். போனவர்களில் சங்கிலியின் மகனும் ஒருத்தன். சங்கிலி அவர்கள் எல்லோருடைய கூட்டையும் சேர்த்துத்தான் எண்ணினார். கூடு இங்கே இருக்கிறது, ஆகவே ஆளும் இங்கே இருக்கிறான் என்பது அவர் கணக்கு.

தாழ்ந்த மட்டை ஒன்றின் நுனியில் மாரிக்கனியின் கூடு இருந்தது. அவள் அப்போது முட்டை போட்டு அடைகாத்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன், குல வழக்கப்படி, கூட்டை முடித்துக் கொடுத்த கையோடு அடுத்த கூடு பின்னுவதற்குக் கிழக்குப் பக்கம் போய்விட்டான். அதைப் பற்றி அவளுக்கு வருத்தம் இல்லை. அவன் பக்கத்தில் இருந்தால் தன் முடிச்சுகளைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பான்.

அவளுக்குப் பயமெல்லாம் அண்டங்காக்கையைப் பற்றித்தான். போன வருஷம் அவள் குஞ்சுகளை ஒரு அண்டங்காக்கை கூட்டைக் கிழித்துத் தூக்கிப்போனது. இறகு முளைக்காத குஞ்சுகள். அன்றைக்கு அவள் தொண்டை கிழியக் கத்தினாள். காக்கை வந்தால் ஊரே வெளியே வந்து ஒன்றாகக் கூப்பாடு போட வேண்டும், அதுதான் வழக்கம். அத்தனை குரல் சேர்ந்து காதில் விழுந்தால் எந்தக் காக்கையும் நிற்காது. ஆனால் அன்றைக்குக் கூப்பாடு மெலிந்து போயிருந்தது. காக்கை அவசரமே இல்லாமல் போனது.

ஊரில் எல்லோரும் சோம்பேறிகளாகிவிட்டார்கள் என்று மாரிக்கனி நினைத்தாள். முக்கியமாகப் பக்கத்துக் கூட்டுக்காரி மேல் அவளுக்குக் கோபம். அந்தக் கூடு மேற்குப் பக்கம், அவள் கூட்டிலிருந்து ஒரு மட்டை தள்ளி இருந்தது. இங்கே குடிவந்த புதிதில் மாரிக்கனி தன் வாசலில் நின்று, நல்லா இருக்கீங்களா என்று கேட்டாள். பதில் இல்லை. மறுநாளும் கேட்டாள். பதில் இல்லை. அதற்குமேல் கேட்பதற்கு அவளுக்கு என்ன வந்தது? அன்றிலிருந்து இவளும் பேசுவதை நிறுத்திவிட்டாள். இரை தேடப் போகும்போதெல்லாம் அந்தக் கூட்டைப் பார்த்து, சிலருக்கு என்னதான் ராணி என்று நினைப்போ என்று காதில் விழும்படி சொல்லிவிட்டுப் போவாள். உள்ளேயிருந்து வாயைத் திறக்க மாட்டாள் அந்தத் திமிர் பிடித்தவள்.

கிணற்றுக்கு எதிரே ஒரு மொட்டைப் பனை உண்டு. அதன் தலையில் ஒரு அண்டங்காக்கை வந்து உட்காரும். சங்கிலிக்கும் அதற்கும் பழக்கம். ஒன்றை ஒன்று அண்ணாச்சி என்று கூப்பிட்டுக்கொள்ளும் அளவுக்குப் பழக்கம். குஞ்சு தூக்கியது நீதானே என்று ஊர் முணுமுணுத்தபோது காக்கை காதைப் பொத்திக்கொண்டது. தான் சோறும் வடையும் தவிர வேறு எதையும் தொடுவதில்லை என்றும், கண்மாய்க்கு அந்தப் பக்கம் ஒரு போக்கிரிக் காக்கை இருக்கிறது, பார்க்கத் தன்னை மாதிரியே இருக்கும், அதனால் தனக்குத்தான் கெட்ட பெயர் என்றும் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. சங்கிலி நம்பிவிட்டார். கூடுகளைப் புகழ்கிறவர்களை அவர் எப்போதும் நம்பிவிடுவார்.

காக்கை தினமும் புகழ்ந்தது. எத்தனை வீடு, எவ்வளவு நெருக்கம், மூச்சுவிட இடம் இல்லையே, இனி ஒரு ஆள் வந்தாலும் மட்டை தாங்குமா என்று கவலைப்பட்டது. கேட்கக் கேட்கச் சங்கிலிக்கும் மூச்சு முட்டுவது போல் இருந்தது. அவர் ஊரைக் கூட்டி, நம் ஊர் பிதுங்கி வழிகிறது, இரைக்குத் தட்டுப்பாடு வரப்போகிறது, இனிமேல் வெளியாட்கள் யாருக்கும் இடம் கிடையாது என்று அறிவித்தார். கூடியிருந்த கொஞ்சம் பேரும் தலையாட்டினார்கள். மற்றவர்கள் கூட்டுக்குள் இருந்தபடியே கேட்டிருப்பார்கள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் காலையில் சில்லைகள் வந்தன. மார்பில் புள்ளி வைத்த, கட்டைவிரல் அளவுக் குருவிகள். ஒரு பெரிய கூட்டம். எல்லாம் களைத்துப்போய்க் கிணற்றுச் சுவரில் வரிசையாக இறங்கின. அவர்களுக்காகப் பேசியவள் பெயர் பொட்டுக்கண்ணி. அவள் குரல் மிகவும் சின்னது. சங்கிலி இரண்டு மட்டை கீழே இறங்கி வந்துதான் அதைக் கேட்க வேண்டியிருந்தது.

அவர்கள் இருந்தது சாலைக்கு அந்தப் பக்கத்துப் புல்வெளி. மனுஷர்கள் அங்கே கல் நட்டு, கல்லுக்கு மஞ்சள் பூசிவிட்டார்கள். பிறகு மண் அள்ளும் எந்திரம் வந்து புல்லையும் புதரையும் ஒரே நாளில் வழித்துப் போட்டது. அப்போதே முட்டை போட வேண்டிய பருவம். மழையும் நெருங்கிக்கொண்டிருந்தது. "புதுக் கூடு கேக்கலைங்க ஐயா," என்றாள் பொட்டுக்கண்ணி. "ஆள் இல்லாத பழைய கூடு ஏதாச்சும் இருந்தாப் போதும். கிழிஞ்சிருந்தாலும் நாங்க தச்சுக்குவோம்."

ஆள் இல்லாத கூடு என்று யாரும் தன் ஊரைப் பார்த்துச் சொல்வதைச் சங்கிலி அதுவரை கேட்டதில்லை. அவர் தலை இறகு குத்திட்டு நின்றது. இந்த மரத்தில் காலிக் கூடு என்று ஒன்று கிடையாது, வேண்டுமானால் எண்ணிப் பார்த்துக்கொள் என்று சொன்னார். அதோடு விடவில்லை. உங்கள் சாதி ஒரே கூட்டில் பத்துப் பேர் சேர்ந்து படுப்பீர்களாமே, அது எங்கள் ஊருக்குச் சரிப்படாது என்றும் சொல்லிவிட்டார்.

"குளிருமே ஐயா," என்றாள் பொட்டுக்கண்ணி. பிறகு கூட்டத்தோடு கிணற்றுக் கரையில் இருந்த உடைமரத்துக்குப் போனாள். முள்ளுக்கு நடுவே எல்லாம் ஒண்டிக்கொண்டன. மாரிக்கனி தன் வாசல் குழலில் தலையை நீட்டி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பாவமாக இருந்தது. ஆனால் இடம் இல்லையென்றால் என்ன செய்வது என்று நினைத்தாள்.

இரண்டொரு நாளில் ஆடிக் காற்று ஏறியது. மணலை வாரி அடித்தது. ஈச்சமரம் முழுவதும் எழுந்து ஆடியது. கூடுகள் மேலும் கீழும் குதித்தன, சுற்றின, ஒன்றோடு ஒன்று மோதிக்கொண்டன. சங்கிலி உச்சி மட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, ஊரே கும்மி அடிக்கிறது பாருங்கள் என்று கூவினார். அவருக்கு ஒரே குதூகலம்.

மாரிக்கனி முட்டைகளைச் சிறகால் மூடி உட்கார்ந்திருந்தாள். அவள் கூடு அவ்வளவாக ஆடவில்லை. உள்ளே பூசிய களிமண் இருந்தது, அவள் எடை இருந்தது, முட்டைகள் இருந்தன. மெல்ல ஒரு ஊசல், அவ்வளவுதான். கிழக்கே அவள் புருஷனின் புதுப்பெண் இருந்த கூடும் அப்படித்தான் அடக்கமாக அசைந்தது. ஆனால் பக்கத்துத் திமிர்க்காரியின் கூடு பேய் பிடித்த மாதிரி சுழன்றது. தலைகீழாகவே ஒருமுறை போய் வந்தது. உள்ளே ஒருத்தி உட்கார்ந்திருந்தால் இந்நேரம் குடல் வாய்க்கு வந்திருக்குமே என்று மாரிக்கனி நினைத்தாள்.

நினைத்த பிறகு அவளால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. காற்று கொஞ்சம் ஓய்ந்த சமயத்தில் வெளியே பறந்து, சண்டையை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, அந்தக் கூட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். உள்ளே ஒட்டடை. ஒரு சின்னப் பல்லி அவளைப் பார்த்து விழித்துவிட்டு ஓலைக்குள் நுழைந்துகொண்டது. இத்தனை நாளும் இந்த ஒட்டடையோடா நான் கோபித்துக்கொண்டிருந்தேன் என்று அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கிணற்றுச் சுவரில் இறங்கி உட்கார்ந்து தனியாகச் சிரித்தாள்.

சிரித்து முடித்தபோது மேலே பார்த்தாள். ஆடுகிற கூடு எது, ஆடாத கூடு எது என்று இப்போது அவளுக்குப் பளிச்சென்று தெரிந்தது. மேற்குப் பக்கம் முழுவதும் ஆடியது. உச்சி ஆடியது. நடு மட்டைகள் ஆடின. கிழக்கே ஒரு சில கூடுகள் மட்டும் அமைதியாகத் தொங்கின. சிரிப்பு நின்றுவிட்டது. எதிரே மொட்டைப் பனையில் அண்டங்காக்கை உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, அதே கூடுகளை அவளைப் போலவே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

போன வருஷம் காக்கை எந்தப் பக்கமிருந்து வந்தது என்று அவளுக்கு ஞாபகம் வந்தது. மேற்கிலிருந்து, இந்தப் பக்கத்துக் கூட்டின் மேலேயே கால் வைத்துத்தான் வந்தது. யாருமே இல்லாத பக்கம் எது என்று அதற்குத் தெரிந்திருந்தது. ஊரில் யாருக்கும் தெரியவில்லை.

அவள் நேரே சங்கிலியிடம் போனாள். விஷயத்தைச் சொன்னாள். அவர் நம்பவில்லை. எல்லோரும் இரைக்குப் போயிருப்பார்கள் என்றார். இந்தக் காற்றில் யார் இரைக்குப் போவார்கள் என்று அவள் கேட்டாள். அப்படியென்றால் தூங்குவார்கள் என்றார்.

"சரி மாமா. காக்கைக் கூப்பாடு ஒண்ணு குடுங்க. தூங்குறவங்களும் எந்திரிச்சு வரட்டும், பார்ப்போம்."

சங்கிலி மார்பைப் புடைத்துக்கொண்டு, காக்கை வந்தால் கொடுக்கிற குரலைக் கொடுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று முறை. கூடுகளிலிருந்து தலைகள் வந்தன. பறந்து வந்து, எங்கே காக்கை, எங்கே காக்கை என்று கேட்டார்கள். மாரிக்கனியின் புருஷன் அலகில் பாதி நாரோடு வந்தான். எல்லோரும் வந்த பிறகும், அத்தனை பேரும் உட்கார ஒரே ஒரு மட்டை போதுமாக இருந்தது.

சங்கிலி காத்திருந்தார். காற்று அடித்தது. மேற்குப் பக்கம் கூடுகள் குதித்துக்கொண்டிருந்தன. யாரும் வரவில்லை. அவர் இன்னொரு தடவை கூப்பிட வாயைத் திறந்து, கூப்பிடாமலே மூடிக்கொண்டார்.

"ஊரு நெறைஞ்சு கிடக்குன்னு உங்களுக்கு யாரு சொன்னா மாமா?"

"நான்தான் எண்ணுறேனே."

"இடம் இல்லைன்னு?"

"காக்கை அண்ணாச்சி சொல்லுவாக," என்றார்.

"நம்ம ஊருல இடம் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன, காக்கைக்கு எதுக்கு மாமா அந்தக் கவலை?"

கூடியிருந்தவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் மொட்டைப் பனையைத் திரும்பிப் பார்த்தார்கள். காக்கை, நான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்பது போல இறக்கையைக் கோதிக்கொண்டு, மெல்ல எழுந்து பறந்து போனது.

சங்கிலிக்குப் புரிந்துவிட்டது. ஆனால் புரிந்ததும் அவருக்குக் கோபம் வரவில்லை, அழுகை வந்தது. காலியாக இருந்தால் இருக்கட்டும், அவை போன பிள்ளைகளின் வீடுகள் என்றார். "நாளைக்கு எம்மவன் வந்து நின்னு, அப்பா என் வீடு எங்கேன்னு கேட்டா நான் என்ன தாயி சொல்லுவேன்? சில்லைக்குக் குடுத்துட்டேன்னா?"

மாரிக்கனிக்கு அந்தக் கேள்வி சுருக்கென்று பட்டது. அவளுக்கும் அணைக்குக் கீழே போன அண்ணன்கள் இருந்தார்கள். இருந்தாலும் அவள் விடவில்லை. "போன தடவை உங்க மவன் வந்தப்போ எங்கே உக்காந்தான் மாமா? அவன் கூட்டுக்குள்ள எட்டியாவது பார்த்தானா? கிழக்கே நாலு பேர் பேசிக்கிட்டு இருந்த இடத்துலதானே வந்து உக்காந்தான்? சத்தம் கேக்குற இடத்துக்குத்தான் பிள்ளைங்க வரும். எனக்கு முட்டை பொரியற நாளாச்சு. இந்த ஒரு மட்டைச் சத்தம் போதாது."

அவர் நெடுநேரம் உச்சி மட்டையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். கடைசியில் திரும்பாமலே, மேற்குப் பக்கம் மட்டும், மழை முடிகிற வரை மட்டும், அதுவும் சத்தம் போடாமல் இருந்தால் வரட்டும் என்றார். மாரிக்கனி உடைமரத்துக்குப் பறந்து போய் முதல் இரண்டையும் சொன்னாள். மூன்றாவதை வழியிலேயே மறந்துவிட்டதாகப் பிறகு சொன்னாள்.

சில்லைகள் குடிவந்த அன்று ஈச்சமரத்தில் நடந்த கூத்தை அந்த ஊர் அதற்குமுன் கண்டதில்லை. ஒவ்வொன்றும் தன் உடம்பைவிட நீளமான புல்கதிரை அலகில் கவ்விக்கொண்டு வந்தது. கிழிந்த இடத்தில் புல்லைத் திணித்தார்கள். பாதிக் கூட்டை முழுக் கூடாக்கினார்கள். வாசலில் புல்பூ குஞ்சம் கட்டியது மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. பொழுது சாய்ந்ததும் ஒரே கூட்டுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக நுழைந்தார்கள். நுழைந்துகொண்டே இருந்தார்கள். உள்ளே போன ஒருத்தன் இடமில்லாமல் பின்பக்கமாக வெளியே விழுந்து, சுற்றி வந்து, மறுபடி வாசல் வழியாக நுழைந்தான். தூக்கணாங்குருவிகள் மட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். காற்று அடித்தது. மேற்குப் பக்கத்துக் கூடுகள் கனம் பிடித்து அடக்கமாகத் தொங்கின.

சங்கிலி சில்லைகளுக்குக் கூப்பாடு சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. அவர் கரகரவென்று கத்திக் காட்டினார். சில்லைகள் கிச்சுக்கிச்சென்று சொன்னார்கள். அவர் மறுபடி காட்டினார். அவர்கள் மறுபடி அதையேதான் சொன்னார்கள். இந்தத் தொண்டைகளை வைத்துக்கொண்டு என்ன செய்ய என்று தலையில் அடித்துக்கொண்டு, எப்படியாவது கத்துங்கள், ஆனால் எல்லோரும் சேர்ந்து கத்துங்கள் என்று விட்டுவிட்டார். மறுநாள் காலையில் கூடுகளை எண்ணுவதை விட்டுவிட்டுத் தலைகளை எண்ணிப் பார்த்தார். சில்லைகள் ஒரு இடத்தில் நின்றால்தானே! பாதியில் தவறிப்போய் முதலிலிருந்து ஆரம்பித்தார். அதுவும் தவறியது. அவர் முகம் என்னவோ மலர்ந்துதான் இருந்தது.

மழை வந்துவிட்டது. மாரிக்கனியின் முட்டைகள் பொரிந்தன. வாய் மட்டுமே உடம்பான குஞ்சுகள். அவள் புழு கொண்டுவந்து கொடுத்துக் கொடுத்து இளைத்துப்போனாள். அவள் வெளியே போயிருக்கும் நேரத்தில் பொட்டுக்கண்ணி தன் வாசலில் உட்கார்ந்து இந்த வாசலைப் பார்த்துக்கொண்டாள். பக்கத்துக் கூட்டிலிருந்து இப்போது பேச்சு ஓயவே இல்லை. கொஞ்சம் வாயை மூடினால் குஞ்சுகள் தூங்கும் என்று மாரிக்கனியே ஒருமுறை சொல்லும்படி ஆகிவிட்டது.

ஒரு நண்பகலில், காற்று சுத்தமாக விழுந்து ஒரு ஓலைகூட அசையாமல், சில்லைகளும் கூட்டுக்குள் கண்ணயர்ந்திருந்த நேரத்தில், அன்றைக்குப் பறந்துபோன அண்டங்காக்கை பல நாளுக்குப் பிறகு மொட்டைப் பனையில் வந்து உட்கார்ந்தது. குஞ்சுகளின் குரல் அதன் காதுக்கு எட்டியிருந்தது. வழக்கம்போலச் சங்கிலியிடம் நலம் விசாரித்தது. ஊர் எப்படி இருக்கிறது என்று கேட்டது.

"ஊரு நெறைஞ்சு கிடக்கு அண்ணாச்சி," என்றார் சங்கிலி. "கால் வைக்க இடமில்லை."

காக்கை உள்ளுக்குள் சிரித்துக்கொண்டது. இந்த வார்த்தையை அது எத்தனை முறை கேட்டிருக்கிறது! அந்தச் சில்லைக் கூட்டம் இன்னும் உடைமரத்தில்தான் கிடக்கிறதா என்று கேட்டது.

"உடைமரத்துல ஒண்ணுகூட இல்லை. நீங்களே பாருங்க அண்ணாச்சி."

காக்கை பார்த்தது. உடைமரத்தில் முள்தான் இருந்தது. ரொம்ப நல்ல காரியம் செய்தீர்கள் என்று பாராட்டிவிட்டுப் பறந்தது. கண்மாய்ப் பக்கம் போவது மாதிரி போய், ஒரு வட்டம் சுற்றி, மேற்கே தாழ்வாக வந்தது. யாரும் இல்லாத பக்கம். ஓசைப்படாமல் மாரிக்கனியின் கூட்டுக்கு ஒரு மட்டை தள்ளி இருந்த கூட்டின் மேல் கால் வைத்தது.

கூடு கத்தியது. காக்கையின் காலுக்குக் கீழே, வயிற்றுக்கு எதிரே, முகத்தின் மேலேயே சில்லைகள் புகை மாதிரிப் பொங்கி வந்தார்கள். ஒரே கூட்டிலிருந்து வந்துகொண்டே இருந்தார்கள். அந்தச் சத்தம் கேட்டு மேற்குக் கூடுகள் எல்லாம் திறந்துகொண்டன. சங்கிலி உச்சியிலிருந்து கரகரத்தார். கிழக்குப் பக்கம் முழுவதும் கிளம்பி வந்தது. கரகரப்பும் கிச்சுக்கிச்சும் கலந்து கிணற்றுக்குள் விழுந்து, அங்கிருந்து இன்னொரு மடங்காகத் திரும்பி வந்தது. மாரிக்கனி வாயில் இருந்த புழுவைத் துப்பிவிட்டு நேரே காக்கையின் வாலைப் பிடித்து இழுத்தாள்.

காக்கைக்கு எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை. மேலே எழும்பப் பார்த்தது, மேலே குருவிகள். பக்கவாட்டில் திரும்பியது, அங்கேயும் குருவிகள். கீழே மட்டும்தான் யாரும் இல்லை என்று கீழே பாய்ந்தது. கீழே கிணறு.

தொப்பென்று விழுந்த சத்தத்துக்குப் பிறகு ஒரு நொடி எல்லாம் அமைதியாக இருந்தது. பிறகு கிணற்றுப் படிக்கட்டில் ஒரு ஈரக் காக்கை ஏறி வந்தது. பறக்க முடியாமல், ஒவ்வொரு படியாகத் தத்தித் தத்தி வந்தது. மேல்படிக்கு வந்து உதறிக்கொண்டபோது சங்கிலி மிகுந்த மரியாதையோடு, கண்மாய்க்கு அந்தப் பக்கத்துப் போக்கிரிக் காக்கை நீங்கள்தானா, பார்க்க எங்கள் அண்ணாச்சி மாதிரியே இருக்கிறீர்களே என்று கேட்டார். ஈச்சமரம் முழுவதும் சிரித்தது. காக்கை வரப்பு வழியே நடந்தே போனது. அந்த மொட்டைப் பனையில் அது மறுபடி உட்காரவில்லை.

மாரிக்கனி தன் வாசலில் தலையை விட்டுப் பார்த்தாள். எல்லா வாயும் திறந்திருந்தது. ஒன்றுகூடக் குறையவில்லை. அவள் பொட்டுக்கண்ணியின் பக்கத்தில் வந்து ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

கம்பு பால் பிடிக்கும் சமயத்தில் மாரிக்கனியின் குஞ்சுகள் பறக்கத் தொடங்கியிருந்தன. அணைக்குக் கீழே போன பிள்ளைகள் வந்தார்கள். தூரத்திலேயே சத்தம் கேட்டு, ஊரில் என்ன விசேஷம் என்று விசாரித்துக்கொண்டே வந்து இறங்கினார்கள். சங்கிலியின் மகன் தன் பழைய கூட்டைப் பார்த்தான். வாசலில் புல்பூவும், உள்ளே ஒரு சில்லைக் குடும்பமும் இருந்தன. சங்கிலி அலகைத் திறந்து திறந்து மூடினார்.

மகன் சிரித்தான். "அந்தக் கூட்டுல யாருப்பா இருப்பா? அப்பவே அதை ஒருத்தியும் சீண்டலை. எனக்கு வேண்டியது ஒரு நுனிதான். புதுசா ஒண்ணு பின்னுறதுக்கு ஒரு நல்ல நுனி குடுத்தா, இந்த வருஷம் இங்கேயே இருந்துருவேன். இங்கே இப்போ நல்லா இருக்கே."

சங்கிலி நேரே உச்சி மட்டைக்குப் போனார். அங்கே அவர் இளமையில் பின்னி, பெண்கள் வாலை ஆட்டிவிட்டுப் போன ஒரு கூடு இருந்தது. அதன் முதல் முடிச்சை அலகால் பிடித்து இழுத்தார். நார் நாராகப் பிரிந்து கிணற்றில் விழுந்தது. நுனி பச்சையாக, வெறுமையாக, காற்றில் நிமிர்ந்து நின்றது. மகன் அன்றைக்கே ஓலை கிழிக்கப் போய்விட்டான். வந்தவர்களில் சிலர் தங்கினார்கள். சிலர் நெல்லும் கரும்பும்தான் வசதி என்று அணைக்குக் கீழேயே திரும்பினார்கள். அவர்களைச் சாலை வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார் சங்கிலி. மழை முடிந்து நெடுநாள் ஆகியும் சில்லைகளை யாரும் போகச் சொல்லவில்லை.

வருகிறவருக்கு இடம் கொடுக்கிற ஊர்தான் நிறையும், அங்கே போனவருக்கும் திரும்பி வர மனம் வரும்.